‘போயிட்டு வாரேன்’ சொல்லத் தெரிந்த பிள்ளைகள்

கண்டிப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் விரிவுரையாளர் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஜப்பானிய மொழி படிக்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகள் 8 பேரை மூன்று வாரத்துக்கு ஜப்பானுக்குக் கூட்டிப் போகிறேன். நான்கு பேர் தோட்டப்புறத்துப் பிள்ளைகள், மூன்று பேர் சிங்களப் பிள்ளைகள், ஒருவர் முஸ்லிம் பிள்ளை. முதலில் சில நாள் விடுதி, பிறகு ஆளுக்கொரு வீட்டில் ஹோம்ஸ்டே. இன்னும் 3 மாதம் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் பெட்டியில் என்ன வைப்பது என்ற பட்டியல்தான் கிடைக்கிறது. வகுப்பில் நான் என்ன செய்ய வேண்டும்?”

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். இந்த மொழியைப் பல வருடமாகக் கற்பிக்கிறேன், இப்படிச் சில குழுக்களை அனுப்பியும் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வாரம் என்றால் 21 நாள். காலையில் வகுப்பு, பின்னேரம் எங்காவது கூட்டிப்போய்க் காட்டுவார்கள், பஸ்ஸில் நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடுதான் உட்காருவார்கள். ஒரு ஜப்பானியரோடு முகம் பார்த்துப் பேசும் நேரம் ஒரு நாளைக்கு 2 மணி கிடைத்தால் அது பெரிய விஷயம். மொத்தம் 42 மணி நேரம். அந்த 42 மணியில் புதிய இலக்கணம் ஒன்றும் ஏறாது. அங்கே போனால் மொழி தானாக வரும் என்று பிள்ளைகளும் நம்புவார்கள், வீட்டாரும் நம்புவார்கள். நீங்கள் நம்பாதீர்கள். ஏற்கெனவே தெரிந்த மொழி வாயில் புழங்கத் தொடங்குகிறதா, இல்லையா என்பதுதான் அங்கே நடக்கும். அது புழங்குவதற்கான கூச்சத்தை இங்கேயே உடைத்து அனுப்புவதுதான் உங்களுடைய 3 மாத வேலை.

பரீட்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தகுதிப் பரீட்சையில் பேச்சுக்கு ஒரு பகுதியே இல்லை, சொல்லும் இலக்கணமும் வாசிப்பதும் கேட்பதும்தான். அதில் என்4 தரம் பாஸ் பண்ணிய பிள்ளை, சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குச் சொல் தெரியாமல் இல்லை. அடுத்தவர் வீட்டில், அடுத்தவர் மொழியில், பிழையாகப் பேசிவிடுவோமோ என்ற பயம்தான்.

அதனால் என்னுடைய முதல் ஆலோசனை ஜப்பானிய மொழியைப் பற்றியதே இல்லை. உங்கள் குழுவில் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் அல்லவா? போவதற்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு சனி, ஞாயிறில் அவர்களை மாற்றி அனுப்புங்கள். கம்பளைச் சிங்களப் பிள்ளை தலவாக்கலைத் தமிழ் வீட்டுக்கு, பொகவந்தலாவைப் பிள்ளை கடுகண்ணாவைச் சிங்கள வீட்டுக்கு. இரண்டு இரவு. கையில் ஒரு சின்னக் கொப்பி. ஆங்கிலம் பேசக்கூடாது. வீட்டாரிடம் முதலிலேயே பேசி, செலவுக்கு ஏதாவது கையில் கொடுத்துவிட வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

ஒரு முறை இப்படி ஒரு சிங்களப் பையனைக் கூடப் படிக்கும் தமிழ்ப் பையனின் லயத்து வீட்டுக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, அனுப்பினேன். கண்டியில் பஸ் ஏறி, கினிகத்தேனை வழியாக ஹட்டன், அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் ஒன்றரை மைல் நடை. போய்ச் சேர்ந்ததும் பாட்டி ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத்தண்ணியும் வைத்திருக்கிறார். இரண்டு ரொட்டி சாப்பிட்டாயிற்று. மூன்றாவதை வைக்க வந்தபோது அவனுக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னான்: “வேண்டாம்.” பாட்டியின் முகம் சுருங்கிவிட்டது. நண்பன் காதில் சொல்லிக் கொடுத்தான். இவன் திருப்பிச் சொன்னான்: “போதும் பாட்டி, வயிறு நிறைஞ்சிருச்சு.” பாட்டி சிரித்துவிட்டார், ஆனாலும் அரை ரொட்டியை வைத்துவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை வகுப்பில் அவன் கேட்ட முதல் கேள்வி, “இதை ஜப்பானியத்தில் எப்படிச் சொல்வது?” என்பதுதான். “மோ ஒனாகா இப்பாய் தெஸ்.” ஒனாகா என்றால் வயிறு, இப்பாய் என்றால் நிறைய. அந்தப் பாட்டியிடம் சொன்னதே, சொல்லுக்குச் சொல். பாடப்புத்தகத்தில் அதே வசனம் முதல் வருடத்திலேயே வந்திருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு பாட்டியின் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் அந்த வசனம் எதற்கு என்று அவனுக்கு விளங்கியது. மறுப்பது எப்படி, நன்றி சொல்வது எப்படி, விளங்காதபோது விளங்கவில்லை என்று சங்கடமில்லாமல் சொல்வது எப்படி என்ற மூன்றையும் இந்த இரண்டு இரவு சொல்லிக் கொடுப்பதுபோல் எந்தப் பாடமும் சொல்லிக் கொடுக்காது.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைப் ‘பின்தங்கியவர்கள்’ என்று நினைத்துத் தனியாக உதவி செய்யப் பலர் வருவார்கள். ஆனால் மொழி மாறி வாழ்வதில் உங்கள் வகுப்பிலேயே அதிக அனுபவம் அவர்களுக்குத்தான். வீட்டில் மலையகப் பேச்சு, கண்டிக் கடையில் சிங்களம், விரிவுரையில் ஆங்கிலம், விடுதி அறையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளையோடு இன்னொரு தமிழ். நாம் ‘பேசிக்கிட்டிருந்தோம்’ என்பதை யாழ்ப்பாணத்தார் ‘கதைச்சுக்கொண்டிருந்தம்’ என்பார்கள். முதல் மாதம் தடுமாறி, இரண்டாம் மாதம் பழகி, மூன்றாம் மாதம் ஆளுக்கேற்ற மாதிரி மாற்றிப் பேசிய பிள்ளைகள் இவர்கள். “பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரம் எப்படிச் சமாளித்தீர்கள்? எழுதுங்கள்” என்று அவர்களிடம் கேளுங்கள். அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஆயத்த வகுப்பின் பாதிப் பாடம் அதிலேயே இருக்கும்.

இனி மொழிக்கு வருவோம். தமிழ் பேசுகிறவருக்கு ஜப்பானியத்தில் பல கதவுகள் திறந்தே இருக்கின்றன. “தோஷோகான் தெ ஹோன் ஓ யோமிமாஸ்.” நூலகத்தில், புத்தகத்தை, வாசிக்கிறேன். தெ என்பது நம் ‘இல்’, ஓ என்பது நம் ‘ஐ’, வினை கடைசியில். ஆங்கிலம் வழியாகக் கற்பிக்கும்போது இந்த ஒற்றுமை காணாமல் போகிறது. சிங்களத்துக்கும் வினை கடைசியில்தான் வரும், ஆகவே உங்கள் 8 பேருக்கும் இது பொருந்தும். தமிழ் வழியாகவும் சிங்களம் வழியாகவும் ஒரு முறை காட்டிவிடுங்கள். வசனத்தை ஆங்கிலத்தில் கட்டி, பிறகு தலைகீழாகப் புரட்டும் பழக்கம் போய்விட்டால் பேச்சின் வேகம் தானாகக் கூடும்.

குறில் நெடிலும் அப்படித்தான். ‘ஒபசான்’ என்றால் மாமி வயதுப் பெண், ‘ஒபாசான்’ என்றால் பாட்டி. ஹோம்ஸ்டே வீட்டு அம்மாவை ஒரு மாத்திரை கூட்டிக் கூப்பிட்டால் கிழவியாக்கிவிடுவோம். ‘கிதே’ என்றால் வா, ‘கித்தே’ என்றால் தபால் முத்திரை. ஆங்கிலம் பேசும் மாணவர்கள் இதற்குத் தடுமாறுவார்கள், நம் பிள்ளைகளின் காதுக்கு இது பிறந்த நாளிலிருந்து பழக்கம்.

ஆனால் ஓர் இடத்தில் தமிழ் காலை வாரும். ஜப்பானியத்தில் தங்கத்துக்கு ஒரு சொல் (kin), வெள்ளிக்கு ஒரு சொல் (gin). இரண்டையும் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘கின்’தான். வல்லோசையும் மெல்லோசையும் ஒரே எழுத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே கொப்பியில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், ஜப்பானியரின் ஒலியெழுத்தான கானாவிலேயே எழுதட்டும். நான் இங்கே தமிழில் எழுதிக் காட்டுவது வாசிக்கிறவர்களுக்காக.

ஹோம்ஸ்டேயில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் அதிர்ச்சி, வீட்டார் பாடப்புத்தகம்போல் பேச மாட்டார்கள் என்பது. வகுப்பில் “தபெமாஷ்தா கா?” என்று படித்தார்கள். அந்த வீட்டுச் சின்னப்பிள்ளை “தபெதா?” என்று கேட்கும். நம் பிள்ளை விழிக்கும். ‘சாப்பிட்டீர்களா’வுக்கும் ‘சாப்டியா’வுக்கும் உள்ள தூரம்தான் அது. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறு என்று அறிந்து வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் காது பழக ஆறு வாரம் வேண்டும். இரண்டாம் மாதத்திலிருந்து தினம் கால் மணி நேரம், வீட்டுப் பேச்சு வரும் ஜப்பானியக் காணொளிகளைக் கேட்க வையுங்கள். கேட்டு விளங்கினால் போதும். பெரியவர்களிடம் திருப்பிப் பேசும்போது மரியாதை வடிவத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது உம் கொட்டுவது. நம் ஊரில் கதை சொல்கிறவருக்கு எதிரே இருப்பவர் ‘ம்... ம்...’ என்று சொல்லாவிட்டால், “கேக்குறியா இல்லையா?” என்று கேட்டுவிடுவார்கள். ஜப்பானியர் அதற்கும் மேலே. ‘ஹாய்’, ‘ஏ’, ‘ஸோ தெஸ் நே’ என்று ஒவ்வொரு அரை வசனத்துக்கும் ஒரு குரல் கொடுப்பார்கள். அதற்கு ‘ஐசுச்சி’ என்று பெயரே இருக்கிறது. அவர்கள் ‘ஹாய்’ என்பது பல நேரம் ‘சரி’ அல்ல, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதுதான். விரிவுரையில் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாகக் கேட்பதுதான் மரியாதை என்று நாம் பழக்கிவிட்ட பிள்ளைகள், அங்கேயும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் வீட்டாருக்கு, “இந்தப் பிள்ளைக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ?” என்று தோன்றும். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் கதை சொல்ல மற்றவர் ஐசுச்சி மட்டும் கொடுக்கும் பயிற்சியை ஒவ்வொரு வகுப்பிலும் 10 நிமிடம் செய்யுங்கள். பேசத் தெரியாத பிள்ளைகூட இதில் தேறிவிடும். தேறினால் அந்தப் பிள்ளையோடு ஆட்கள் தொடர்ந்து பேசுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் “இத்தெகிமாஸ்” என்பார்கள். ‘இத்தெ’ என்றால் போய், ‘கிமாஸ்’ என்றால் வருகிறேன். போயிட்டு வாரேன்! வீட்டில் இருப்பவர் “இத்தெராஷ்ஷாய்” என்பார். போயிட்டு வாங்க. ‘போறேன்’ என்று மொட்டையாகச் சொன்னால் அம்மா வாயைப் பொத்துவாரே, அதே மனசு. இதை நான் வகுப்பில் சொல்லும் நாளில் பின்வரிசைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த மொழி தூரத்தில் இல்லை என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தோன்றும்.

இனி, நீங்கள் கேட்காத ஒரு விஷயம். ஹோம்ஸ்டேயில் முதல் நாளே வரும் கேள்வி: “அம்மா அப்பா என்ன வேலை செய்கிறார்கள்?” ஒரு வருடம், தன்னை அறிமுகப்படுத்தும் பயிற்சியில் ஒரு பிள்ளை “அம்மா வீட்டில் இருக்கிறார்” என்று சொன்னாள். அவளுடைய அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தேன்: உங்கள் வீட்டில் யாருக்காவது நன்றாகத் தெரிந்த ஒரு தொழிலை, ஜப்பானியர் ஒருவருக்கு விளக்குவதுபோல் 5 நிமிடம் சொல்ல வேண்டும். ஒருவன் மரக்கறித் தோட்டம், ஒருத்தி தையல். இவள் எழுந்து வந்து, கொழுந்து எப்படி நிறுக்கப்படுகிறது, தண்ணிக்கென்று எவ்வளவு கழிக்கிறார்கள், கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள் என்பதையெல்லாம் சொன்னாள். பிழையான இலக்கணம்தான். ஆனால் அன்றைக்கு வகுப்பே அவளிடம் கேள்வி கேட்டது.

ஜப்பானில் அவளுக்குக் கிடைத்த வீடு ஷிசுவோகாவில், தேயிலைக்குப் பேர்போன மாகாணத்தில். அந்த வீட்டுத் தாத்தாவுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம் இருந்தது. அவர்கள் இப்போது பெரும்பாலும் இயந்திரத்தால்தான் வெட்டுகிறார்கள். அவள் ஒரு செடியின் பக்கத்தில் நின்று, அம்மா செய்வதுபோல் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிக் காட்டியிருக்கிறாள். தாத்தா உடனே, “இஷ்ஷின் நியோ” என்றாராம். ஒரு குருத்து, இரண்டு இலை. அதற்கு அங்கேயும் தனிச் சொல். நாம் கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்துக் காய வைக்கிறோம், அவர்கள் பறித்ததுமே ஆவியில் வேக வைத்துப் பச்சையாகவே வைத்துக்கொள்கிறார்கள் என்று இரண்டு பேரும் ஒரு பின்னேரம் முழுவதும் பேசியிருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு அவளுடைய ஜப்பானியம் எவ்வளவு முன்னேறியது என்று நான் அளக்கவில்லை. அம்மாவின் தொழிலை யாரிடமும் மறைப்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

கடவுச்சீட்டு வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்று இருப்பது சாதாரணம். சிங்களத்தில் பதிந்த பெயர் ஆங்கிலத்துக்கு வரும்போது ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி வரும். அதைத் திருத்தவே வாரக்கணக்கில் ஆகலாம். விலாசமும் அப்படி. லயத்துக்குத் தனி இலக்கம் இல்லாமல், தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும் மட்டும் உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். கண்டியில் குடிவரவுத் திணைக்களத்தின் கிளை இருக்கிறது, போகும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, குடியுரிமை வழங்கிய 2003 சட்டம் வரும் வரைக்கும் காத்திருந்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளில் இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு வரும் முதல் கடவுச்சீட்டு வெறும் பத்திரம் அல்ல. கையில் கிடைத்த அன்று பிள்ளையை வீட்டுக்குப் போக விடுங்கள்.

பெயரில் இன்னொரு சங்கடம் உண்டு. நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பாவின் பெயர் போய் உட்காரும். ஜப்பானியர் குடும்பப் பெயரோடு மரியாதைக்கு ‘சான்’ சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். மலர் என்ற பிள்ளையை மூன்று வாரமும் ‘ராமையா சான்’ என்று கூப்பிட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? விண்ணப்பத்தோடு, எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். அவர்கள் வாயில் ல, ள, ழ எல்லாம் ர போலத்தான் ஒலிக்கும், மலர் ‘மரரு’ ஆவாள். அதைக் கதாகானாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கானாவில், எழுதவும் கேட்டுத் திரும்பவும் முதலே பழக்குங்கள்.

சாப்பாடு. மாடு சாப்பிடாதவர், மச்சம் சாப்பிடாதவர், ஹலால் பார்க்கிறவர் என்று உங்கள் குழுவில் மூன்று வகையும் இருக்கலாம். ‘மரக்கறி மட்டும்’ என்று சொன்னால் போதாது. அங்கே பல சூப்பிலும் குழம்பிலும் ‘தஷி’ என்ற சாறு இருக்கும். அதைப் பெரும்பாலும் ‘கட்சுவோபுஷி’ போட்டுத்தான் எடுக்கிறார்கள், அது நம் மாசிக்கருவாட்டுக்குக் கூடப்பிறந்தது. ‘மாசிகூட வேண்டாம்’ என்று நாம் சொல்வதுபோல், ‘தஷியும் வேண்டாம்’ என்று தெளிவாக எழுதிய அட்டை ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் இருக்கட்டும். வாயால் சொல்லவும் பழகியிருக்க வேண்டும்.

குளியலுக்கும் ஒரு வகுப்பு வேண்டும். பீலியில், குழாய் வழியாக விழும் ஊற்றுத் தண்ணியில், குளித்து வளர்ந்த பிள்ளைக்கு, தொட்டி நிறையச் சுடுதண்ணி என்றால் உள்ளே இறங்கிச் சோப்புப் போடத்தான் தோன்றும். வெளியே உடம்பைக் கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். அதே தண்ணியில்தான் வீட்டார் எல்லோரும் அடுத்தடுத்து இறங்குவார்கள், ஆகவே குளித்து முடித்துத் தண்ணியைத் திறந்துவிடக்கூடாது. கழிவறைக்குத் தனிச் செருப்பு, அதோடு அறைக்குள் வரக்கூடாது. பூமி அதிர்ந்தால் வெளியே ஓடாமல் மேசைக்கு அடியில் போக வேண்டும். மண்சரிவுக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிப் பழகிய நம் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டியே பழக்க வேண்டும். பொலிஸுக்கு 110, அம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. நம் நாட்டில் 119 பொலிஸ் என்பதால் மாறிவிடும், கவனம்.

தொலைபேசியை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் 1915 முதல் கோடைகால மொழிப் பள்ளி நடக்கிறது. அங்கே சேருகிறவர்கள், படிக்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேச மாட்டோம் என்று உறுதிமொழி கொடுக்கிறார்கள். முதன்முறை நாட்டை விட்டுப் போகும் பிள்ளையிடம் அவ்வளவு கேட்க எனக்கு மனசு வராது. ஆனால் கட்டுப்பாடு இல்லாவிட்டால் பிள்ளை உடம்பால் ஜப்பானிலும் வாட்ஸ்அப்பில் ஹட்டனிலும் இருக்கும். ஒரு நாளைக்கு வீட்டோடு அரை மணி நேரம், குழுவுக்குள் தமிழும் சிங்களமும் இரவில் மட்டும் என்று பிள்ளைகளையே பேசி முடிவு எடுக்க வையுங்கள். அவர்களே போட்ட விதியைத்தான் அவர்கள் காப்பாற்றுவார்கள்.

அந்த அரை மணி நேரத்துக்காகவே பெற்றோரைக் கூட்டிப் பேச வேண்டும். கூட்டத்தைக் கண்டியில் வைக்காதீர்கள். வேலை நாளில் வைத்தால் ஒரு நாள் பேர் போய்விடும், பஸ் காசு வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் ஏதாவது ஒரு பாடசாலை மண்டபத்தில் வையுங்கள், மற்றப் பெற்றோரும் வரட்டும். வீடியோ கோல் எடுப்பது எப்படி என்று அம்மாமாருக்குக் கையில் பிடித்துக் காட்டுங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தி, இங்கே இரவு 8 மணி என்றால் அங்கே பதினொன்றரை, பிள்ளை தூங்க வேண்டிய நேரம். கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வரும் 5 மணிக்கு எடுத்தால் அங்கே எட்டரை, சாப்பிட்டு முடிந்திருக்கும். அந்த நேரத்தில் ஹோம்ஸ்டே வீட்டு அம்மாவும் பக்கத்தில் இருப்பார், இரண்டு அம்மாமாரும் முகம் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய வேலை பிள்ளைக்கு. அதற்கான வசனங்களை மட்டும் கடைசி இரண்டு வாரமும் வகுப்பில் திரும்பத் திரும்பப் பழக்குங்கள்.